நாலாவது பெயர்

பெண்கள் பருத்தி எடுக்கிற நேரத்தில் வெள்ளத்துரை காட்டுப் பக்கம் வருகிற ஆளில்லை. மிளகாய்க்குத் தண்ணீர் இறைக்கப் போவார், மாடுகளைப் பத்திக்கொண்டு ஊருணிக்குப் போவார். அன்றைக்கு மாசி மாசம், பத்து மணி வெயிலுக்கே கரிசல் வாய் பிளந்து கிடந்தது. அவர் வந்து வரப்பில் நின்றார். மடி நிறையப் பருத்தியோடு குனிந்திருந்த தங்கம்மாள், புருசன் நின்ற தோரணையைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"அண்ணன் கூப்புடுறாக. மடியைக் கொட்டிட்டு வா."

"என்ன சோலியாம்?"

"உம்மக என்னத்தையோ எழுதிப் போட்டிருக்கா. ஊரைப் பத்தி."

பிள்ளை நல்ல மார்க்கு வாங்கினால் அவருக்கு 'எம்மக'. வம்பை இழுத்துக்கொண்டு வந்தால் 'உம்மக'. தங்கம்மாள் மடியை அவிழ்த்துச் சாக்கில் கொட்டிவிட்டு, சேலையில் ஒட்டியிருந்த சருகைத் தட்டியபடி அவர் பின்னால் நடந்தாள்.

காரைக்குண்டு திருச்சுழிக்கு மூன்று மைல் மேற்கே இருக்கிற ஊர். மானம் பார்த்த பூமி. ஊரில் நாலு கிணறுதான் கோடைக்குத் தாங்கும். அதில் ஒன்று வெள்ளத்துரைக்கும் அவர் அண்ணன் கருத்தப்பாண்டிக்கும் பொது. காடு பிரிந்தாலும் கிணறு பிரியவில்லை. அண்ணன் சொல்லையும் இதுவரை யாரும் தாண்டியதில்லை. ஊருக்கு வருகிற தபாலைக்கூடத் தபால்காரர் அவர் வீட்டில்தான் போட்டுவிட்டுப் போவார். அப்படி வந்த கடிதம் ஒன்றைத்தான் அவர் உடைத்து, ஆளை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்.

விஷயம் இதுதான். பர்மாச் சண்டையில் குடும்பத்தைப் பறிகொடுத்துத் திரும்பிய ஒருவர் பேரில் மதுரையில் ஓர் அறக்கட்டளை இருந்தது. பள்ளி இறுதி வகுப்புப் பிள்ளைகளுக்கு வருசாவருசம் கட்டுரைப் போட்டி வைப்பார்கள். தேறுகிற பிள்ளையின் மூன்று வருசக் காலேஜ் படிப்பும் விடுதிச் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. அந்த வருசத் தலைப்பு, 'இனப்படுகொலைகளை ஏன் மறக்கக் கூடாது? மனிதருக்குள் வெறுப்பை எப்படி ஒழிப்பது?' தங்கம்மாளின் மகள் சண்முகவடிவு திருச்சுழியில் பதினோராம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகள் ஜெர்மனியைப் பற்றி எழுதினார்கள். அவளும் ஜெர்மனியில்தான் தொடங்கியிருந்தாள், முடித்தது காரைக்குண்டில்.

பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால், முதுகுளத்தூர்ப் பக்கம் கலவரம் மூண்டு சுற்றுவட்டாரமே பற்றிக்கொண்ட புரட்டாசியில், காரைக்குண்டில் ஊரார் தீண்டாமல் ஒதுக்கி வைத்திருந்த கீழக்குடியில் பதினோரு வீடுகள் எரிந்தன. மூன்று பேர் செத்தார்கள். மிச்சப்பட்டவர்கள் சட்டி பானையைக்கூட எடுக்காமல் ஊரைக் காலி செய்துகொண்டு போனார்கள். சாட்சி சொல்ல ஆளில்லாமல் வழக்கு நீர்த்துப்போனது. எரிந்த இடத்தில் இப்போது வேலிக்கருவை மண்டிக் கிடக்கிறது. அன்றைக்குக் கூட்டத்துக்கு முன்னால் நடந்தவர் யார் என்பது ஊருக்குத் தெரியும். யாரும் சொன்னதில்லை.

கருத்தப்பாண்டி தன் வீட்டில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தங்கம்மாள் நிலைப்படிக்கு அந்தப் பக்கமாக, முகம் தெரியாமல் நின்றாள். அவர் சத்தம் போடுகிற மனிதர் இல்லை. அதனால்தான் எல்லாருக்கும் பயம். மார்கழியில் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ஊரில் குடிசைக்குள் ஆட்களை வைத்துக் கொளுத்திய செய்தி பேப்பரில் வந்ததில் இருந்து அவருக்கு நிம்மதி இல்லை. மூடிய வழக்கையெல்லாம் கிளறுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இந்த நேரத்தில் தம்பி மகளே எழுத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

கடிதத்தில் இருந்ததை அவர் நிதானமாகச் சொன்னார். கட்டுரை கடைசி மூன்றுக்கு வந்திருக்கிறது. சொந்த ஊரில் நடந்ததை எழுதியிருப்பதால், வருகிற வியாழக்கிழமை இரண்டு பேர் நேரில் வந்து பெண்ணின் தாயாரைப் பார்த்துப் பேசுவார்கள்.

"தாயாரை எதுக்குப் பாக்கணும்னு கேளு தங்கம்மா," என்றார். "அன்னைக்கு நீ புறவாசக் கதவைத் தெறந்து, அந்த மொக்கையன் பொண்டாட்டியையும் பிள்ளையையும் உள்ள விட்டு, பருத்திமாரு வெறகுக்குள்ள ஒளிச்சு வச்சுக் காப்பாத்துனியாம். எழுதியிருக்கா. நீ காப்பாத்துனேன்னா, எவனோ வெரட்டுனான்னு ஆகுதுல்ல?"

தங்கம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"தெறந்தியா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று.

"எனக்குத் தெரியும். என் தம்பி வீட்டுல அப்பிடி நடக்காது. வியாழக்கெழம அவுக வந்து கேட்டா, நான் யாருக்கும் கதவைத் தெறக்கலன்னு சொல்லிரு. சின்னப்பிள்ள கனாக் கண்டு எழுதிருச்சுன்னு சொல்லு. அம்புட்டுத்தான்."

தங்கம்மாள் காட்டுக்குத் திரும்பினாள். அவர் அவளைப் பொய் சொல்லச் சொல்வதாக மகள் நினைப்பாள். ஆனால் அவர் சொல்லச் சொன்னதுதான் நடந்தது. அவள் கதவைத் திறக்கவில்லை.

கலவரத்தன்று மத்தியானம் சாய்ந்த நேரம். கீழ்க்காற்றில் பனையோலை எரிகிற வாடை வந்தது. ஐந்து வயசு வடிவை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். புறவாசல் கதவு தட்டப்பட்டது. "தாயி, நாந்தான், பிச்சையம்மா. பிள்ளைய மட்டுமாச்சும் வாங்கிக்கங்க தாயி," என்று குரல். தங்கம்மாள் எழுந்து போனாள். போய், தாழ்ப்பாளைப் போட்டாள். குரல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு இல்லை.

ராத்திரியெல்லாம் பிள்ளைக்குக் காய்ச்சல். கதவைத் தட்டுனது யாரும்மா, யாரும்மா என்று பிதற்றிக்கொண்டே கிடந்தது. அதை உறங்க வைக்கச் சொன்னதுதான் அந்தக் கதை. பிச்சையம்மா வந்தா; நான் கதவைத் தெறந்து பருத்திமாருக்குள்ள ஒளிச்சு வச்சேன்; விடியக்காலம் பத்திரமாப் போயிட்டா. பிள்ளை உறங்கியது. பிறகு ஒவ்வொரு வருசமும் கேட்டது. தங்கம்மாளும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே பாதி நிஜமாகிவிட்டிருந்தது.

அன்று சாயங்காலம் வடிவு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெரியப்பா சொன்னதைக் கேட்டாள். முகம் சிவந்து போனது. கம்மங்கஞ்சியும் காணப்பயற்றுத் துவையலும் தட்டில் இருந்தபடி ஆறின. நகல் எடுத்து வைத்திருந்த நோட்டைக் கொண்டுவந்து, படிக்கத் தெரியாத அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

'அறுபது லட்சம் பேர் என்று படிக்கும்போது மனம் மரத்துப்போகிறது. எங்கள் ஊரில் மூன்று பேர். அவர்கள் பெயர் எனக்குத் தெரியும்' என்று தொடங்கி மூன்று பெயர்களையும் எழுதியிருந்தாள். மூன்றாவது பெயர் மொக்கையன். பிறகு கதவைத் தட்டிய சத்தம். பிறகு, 'என் தாயார் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் அன்று அவர் கதவைத் திறந்தார். அதனால் பிச்சையம்மாளும் அவர் குழந்தை சந்தனமும் இன்று உயிரோடு இருக்கிறார்கள். வெறுப்பை ஒழிக்க ஒரு வீட்டில் ஒரு கதவு திறந்தால் போதும்.'

வாசித்து முடித்தாள் வடிவு. நோட்டை மூடிவிட்டு, "பெரியப்பாவுக்காக நீ பொய் சொல்லக் கூடாதும்மா," என்றாள். "காலேஜ் போனாப் போகுது. நீ செஞ்சத இல்லன்னு சொல்லிராத."

தங்கம்மாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பருத்திமார் சடசடவென்று எரிந்தது. இப்போதே சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. மகள் அவளைப் பார்த்த பார்வையில் அது திரும்பிப் போய்விட்டது. அப்படி உலகத்தில் வேறு யாரும் அவளைப் பார்த்ததில்லை.

மூன்று நாள் போயிற்று. வெள்ளத்துரை இரண்டு தரம் மகள் பக்கத்தில் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். அண்ணனுக்கு எதிராக ஒரு சொல் சொல்ல அவருக்குத் தெரியாது. மகள் மதுரைக்குப் படிக்கப் போவதை அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கலவரத்தன்றைக்கு அவர் கண்மாய்க்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்பது தங்கம்மாளுக்குத் தெரியும். தட்டிய சத்தம் பற்றி அவரிடம் அவள் சொன்னதில்லை. கேட்டதும் இல்லை.

தங்கம்மாளை உறுத்தியது கதவு மட்டும் இல்லை. சந்தனம் உயிரோடு இருப்பதாக எழுதியிருந்ததே, அதுதான். அந்தப் பிள்ளை இல்லை என்பது அவளுக்குப் பன்னிரண்டு வருசமாகத் தெரியும். கதவு திறக்காமல் போனதும் பிச்சையம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடை முள்ளுக்குள் போய்ப் பதுங்கியிருக்கிறாள். இரண்டு நாள் வெயில், தண்ணீர் கிடையாது. மூன்றாம் நாள் பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது. தீயில் சாகவில்லை, வெட்டில் சாகவில்லை என்று செத்தவர் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. பருத்திக்கு வரும் கூலிப் பெண் ஒருத்தி எப்போதோ சொல்லி, தங்கம்மாள் கேட்டும் கேட்காததுபோல இருந்துவிட்டாள்.

புதன்கிழமை காலையில் மல்லி விதை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். பந்தல்குடிக்கு அந்தப் பக்கம், தூத்துக்குடி ரோட்டை அகலப்படுத்துகிற வேலை நடந்துகொண்டிருந்தது. பிச்சையம்மாள் அங்கே கல் உடைப்பதாகக் கூலிக்கு வருகிற பெண்கள் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்திருந்தது. ரோட்டோரம் கல் குவியல் குவியலாகக் கிடக்க, குவியலுக்கு ஒரு பொம்பளையாக உட்கார்ந்து சம்மட்டியால் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தார்கள். லோடு லாரி போகும்போதெல்லாம் வெள்ளைத் தூசி எழும்பி அவர்களை மூடியது. மூன்று குவியலில் விசாரித்து நாலாவது குவியலுக்கு வந்தாள்.

பிச்சையம்மாளுக்குத் தலை நரைத்திருந்தது. தூசியோ நரையோ தெரியவில்லை. விரல்களில் சைக்கிள் ட்யூப்பைக் கிழித்துச் சுற்றியிருந்தாள். தங்கம்மாளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. சம்மட்டியை மட்டும் கீழே வைத்தாள்.

தங்கம்மாள் வெயிலில் நின்றபடியே சொன்னாள். மகள் எழுதியது, ஆட்கள் வரப்போவது, பெரியவர் சொல்லச் சொன்னது, எல்லாம். கோர்வையாக வரவில்லை. கடைசியில், அன்னைக்கு நான் வீட்டுக்குள்ளதான் இருந்தேன் என்றாள்.

"தெரியும் தாயி," என்றாள் பிச்சையம்மாள். "தாப்பா போடயில வளவி சத்தம் கேட்டுச்சு."

லாரி ஒன்று போனது. எழுந்த தூசி இரண்டு பேரையும் மூடி அடங்கியது.

"எம்மக கிட்ட நான் சொன்னது பொய்யி. அத அவ நம்பி எழுதிட்டா. நான் இப்ப என்ன செய்யட்டும்?"

"என்கிட்டக் கேட்டா?" பிச்சையம்மாள் ஒரு கல்லை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டாள். "உங்க வீட்டுப் பாடு உங்களுக்கு. நீங்க தெறந்தீகன்னு எழுதுனாலும் எனக்கு ஒண்ணும் கொறயப் போறதில்ல. எம்பிள்ள பொழச்சிருக்குன்னு எழுதப்பிடாது. பொழச்சிருந்தா இந்நேரம் அதுக்குக் கல்யாண வயசு. செத்தவுக பேரை எழுதுற எடத்துல அது பேரையும் எழுதச் சொல்லுங்க. சர்க்காரும் எழுதல. ஒருத்தரும் எழுதல."

தங்கம்மாள் முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த கருப்பட்டியை எடுத்து நீட்டினாள். பிச்சையம்மாள் வாங்கவில்லை. கோபமாகவும் இல்லை. சம்மட்டியை எடுத்துக்கொண்டு, பஸ்ஸு இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துரும், போங்க தாயி என்றாள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கார் வந்தது. வயசான வக்கீல் ஒருவர், காலேஜில் பாடம் சொல்லும் அம்மாள் ஒருவர். வெள்ளத்துரை வீட்டு முற்றத்தில் பாய் விரித்து மோர் கொடுத்தார்கள். கருத்தப்பாண்டி முன்னாடியே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்களிடம் மழை தண்ணீர் பற்றி, பருத்தி வெள்ளாமை பற்றி மரியாதையாகப் பேசினார். வடிவு தூணோரம் நின்றாள். பள்ளிக்கூடத்துத் தாவணியில் இருந்தாள்.

அந்த அம்மாள் தங்கம்மாளை உட்காரச் சொன்னார். மூத்தவர் கருத்தப்பாண்டி முன்னால் உட்கார்ந்து பழக்கமில்லை. நின்றுகொண்டாள்.

"உங்க மக எழுதினது எங்க மனசைத் தொட்டிருச்சும்மா. அன்னிக்கு நடந்ததை உங்க வாயால கேட்கத்தான் வந்தோம்."

வேம்பில் ஒரு காகம் கரைந்துகொண்டிருந்தது. தங்கம்மாள் கருத்தப்பாண்டியைப் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. மோர்ச் செம்பைப் பார்த்தே சொன்னாள்.

"நான் கதவைத் தெறக்கல."

கருத்தப்பாண்டி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். சின்னப்பிள்ளைதானே, கனாக் கண்டிருக்கும் என்று வக்கீலிடம் சிரித்தபடி சொன்னார். வடிவு "அம்மா" என்றாள். ஒரு தடவைதான். அந்தக் குரலைக் கேட்டும் தங்கம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. நிறுத்தவும் இல்லை.

"தட்டுனா. பிச்சையம்மாதான் தட்டுனா. பிள்ளைய மட்டுமாச்சும் வாங்கிக்கங்கன்னு சொன்னா. நான் போயி தாப்பாளப் போட்டேன். தெறந்தேன்னு எம்மக கிட்ட நாந்தான் பொய் சொல்லி வளத்தேன். அவ மேல தப்பில்ல."

"தங்கம்மா," என்றார் கருத்தப்பாண்டி. அடங்கிய குரல்தான்.

"அந்தப் பிள்ள செத்துப்போச்சு. மூணாம் நாளு. மூணு பேருன்னு எழுதியிருக்கா, நாலு பேரு. சந்தனம்னு பேரு. அதையும் எழுதிக்கங்க."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். யாருக்குப் பயந்து கதவைச் சாத்தினீர்கள் என்று அந்த அம்மாள் மெதுவாகக் கேட்டார்.

கருத்தப்பாண்டி எழுந்து நின்றார். வெள்ளத்துரையும் எழுந்தார். தம்பி எதற்கு எழுந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. அண்ணனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் வந்து, தலையைக் குனிந்தபடி நின்றார், அவ்வளவுதான்.

"இவுகளுக்கும் பயந்தேன்," என்றாள் தங்கம்மாள், மூத்தவர் இருந்த திசையைக் கையால் காட்டி. "முன்னால நடந்து போனவுக இவுகதான். ஆனா பயம்னு மட்டும் சொன்னா அதுவும் பொய்யாப் போகும். புறவாசலத் தெறந்தா அடுப்படி. அவ அடுப்படிக்குள்ள காலை வச்சிட்டா பெறகு நான் அங்க எப்பிடிச் சமைக்கிறதுன்னு நெனச்சேன். தீ எரியுது, பிள்ளைய நீட்டுறா, நான் அத நெனச்சேன். தாப்பாளப் போட்டது அந்த நெனப்புத்தான்."

கருத்தப்பாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். வாசலைத் தாண்டும்போது, நாளையில் இருந்து கிணத்துப் பக்கம் கால் வைக்காதே என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வந்தவர்கள் கிளம்பும்போது வடிவிடம் பேசினார்கள். வேண்டுமென்றே பொய் எழுதியதாக நினைக்கவில்லை, ஆனால் அந்தக் கட்டுரையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்றார்கள். பங்குனி பிறப்பதற்குள் திருத்தி எழுதி அனுப்பினால் படித்துப் பார்ப்பதாகச் சொன்னார்கள். வடிவு தலையை ஆட்டினாள். கார் போனதும் நோட்டைப் பரணில் தூக்கிப் போட்டாள்.

அதன் பிறகு எட்டு நாள் அவள் அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டில் போட்டதைத் தின்றாள், பள்ளிக்கூடம் போனாள். அம்மா எதிரே வந்தால் சுவரைப் பார்த்தாள். கருத்தப்பாண்டி சொன்னபடி, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கமலைக் கயிற்றை அவிழ்த்துவிட்டார். மிளகாய்ச் செடி துவண்டது. ஊரில் நாலு வீட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். வெள்ளத்துரை யாரையும் ஏசவில்லை. விடிய எழுந்து ஊருணியில் இருந்து குடம் குடமாகச் சுமந்து செடிக்கு ஊற்றினார். தங்கம்மாளும் கூடவே சுமந்தாள். பாதிச் செடிதான் பிழைத்தது.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. தங்கம்மாள் பருத்திக்காட்டில் தனியாக இருந்தாள். பக்கத்து நிரையில் ஆள் அரவம் கேட்டது. வடிவு மடியைக் கட்டிக்கொண்டு பருத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒன்றாக நிரையின் கடைசிக்கு வந்தார்கள்.

"சந்தனத்துக்கு அப்ப என்ன வயசு?" என்றாள், செடியைப் பார்த்தபடி.

"நாலு. ஒன்னவிட ஒரு வயசு எளசு."

"என்ன சட்டை போட்டிருந்துச்சு?"

"பாக்கலையே தாயி," என்றாள் தங்கம்மாள். "கதவு சாத்தியில்ல இருந்துச்சு."

வடிவு அதற்கு மேல் கேட்கவில்லை. மறுநாள் தனியாகப் பந்தல்குடிக்குப் பஸ் ஏறினாள். அங்கே பிச்சையம்மாள் என்ன சொன்னாள், எவ்வளவு நேரம் பேசினாள் என்று வீட்டில் சொல்லவில்லை. சாயங்காலம் தலையெல்லாம் கல் தூசியோடு வந்தாள். முகம் கழுவாமல் பரணில் ஏறி நோட்டை எடுத்தாள்.

அவள் இரண்டாவதாக எழுதிய கட்டுரைக்குத்தான் படிப்புதவி கிடைத்தது. ஆனியில் வெள்ளத்துரை தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவளை மதுரைக்குக் கொண்டுபோய் விட்டார். அதெல்லாம் பின்னால் நடந்தது. தபாலில் சேர்க்கும் முன்னால் அந்தக் கட்டுரையையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். இந்தத் தடவை எதிரே உட்காரவில்லை. நின்றுகொண்டே, வேகமாக வாசித்தாள்.

நாலு பெயர்கள் இருந்தன. நாலாவது பெயருக்குக் கீழே, ஊதாப் பாவாடை, காலில் ஒரு கொலுசு, மற்றது ஓடையில் விழுந்துவிட்டது என்று இருந்தது. கதவைத் தட்டிய சத்தம் இருந்தது. 'என் தாயார் கதவைத் திறக்கவில்லை. அவர் பயந்துவிட்டார்' என்று இருந்தது.

வடிவு தாளை மடித்தாள்.

"அடுப்படி விசயத்தை எழுதலையே," என்றாள் தங்கம்மாள்.

"அது வேண்டாம்மா."

"ஏன்?"

வடிவு தாளை இன்னும் சிறியதாக மடித்தாள். கண் நிறைந்துவிட்டது. அம்மாவைக் கேவலமாக நினைப்பார்கள் என்று சொல்ல வந்து, பாதியில் விழுங்கினாள்.

தங்கம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவள் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"பயம் எல்லாருக்கும் உண்டு. அத எழுதுனா, பாவம் பொம்பளன்னு போயிருவாக. எழுது. நான் சொல்றேன், நீ எழுது."

வடிவு தாளைப் பிரித்தாள்.